ஊதியமில்லாதோர், ஜொகூர்

2025 மார்ச் 3, திங்கட்கிழமை, காலை மணி 7.40. நீ என்னை வாட்ஸ்அப்பில் தடுத்து வைத்துப் பதினொரு நாள். அனுப்பிய செய்திகள் இருபத்தாறு. இருபத்தாறிலும் ஒரே ஒரு சாம்பல் டிக்தான், எதுவும் போய்ச் சேரவில்லை.

ஜொகூர் பாரு

அக்கா,

மின்னஞ்சலைத் தடுக்க உனக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். தெரிந்திருந்தால் அடுத்தது தபாலில் வரும். விடப்போவதில்லை.

நான் மசோதாவை நிறுத்தவில்லை. இதை முதலில் மண்டையில் ஏற்று. சுகாதார நிதி மசோதாவை எழுதியது அமைச்சு. அதை அலசுவது நாடாளுமன்றக் குழு. அந்தக் குழு எங்கள் ஆய்வு அலுவலகத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: இந்தச் சட்டம் வந்தால் அடுத்த பத்து ஆண்டில் அரசாங்கத்தின் பற்றாக்குறை கூடுமா, குறையுமா, எவ்வளவு? நான் கணக்குப் போட்டேன். 940 கோடி வெள்ளி கூடும் என்று வந்தது. எழுதிக் கொடுத்தேன். இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

600 கோடியைத் தாண்டினால் மசோதாவை அமைச்சுக்கே திருப்பி அனுப்புவது என்று குழு முன்னமே முடிவெடுத்துவிட்டது. அந்தக் கோட்டைக் கிழித்தது நான் இல்லை. குழுவில் ஒருவர் என் எண்ணை உரக்க வாசித்தார், பத்திரிகையில் வந்தது, நீ பார்த்தாய், தடுத்துவிட்டாய்.

மசோதா வந்தால் சதாசிவம் அத்தானின் டயாலிசிஸ் செலவை அந்த நிதி ஏற்கும் என்பது எனக்குத் தெரியாதா? பதினான்கு வருடம் சிங்கப்பூர்க் கிடங்கில் வேலை பார்த்தார். இங்கே தொழிலாளர் காப்புறுதி சொக்சோவுக்குச் சந்தா கட்டவில்லை, அதனால் சொக்சோவில் கிடைக்காது. சிறுநீரகம் போனதும் அங்கே வேலை அனுமதி ரத்தானது, அதனால் அங்கேயும் ஒன்றுமில்லை. எல்லாம் தெரியும். அவர் முகத்தை நினைத்துக்கொண்டு கூட்டினாலும் கூட்டுத்தொகை அதேதான்.

குழு ஏப்ரல் 18-ல் முடிவெடுக்கும். அதுவரை நீயும் உன் சங்கமும் வேண்டிய மனு போடுங்கள். என்னோடு பேசாமல் இருப்பது மனுவில் சேராது.

மதி


குளுவாங்
மார்ச் 6, 2025

மதி,

அக்காவுக்கே "மண்டையில் ஏற்று"ன்னு எழுதுற அளவுக்குப் படிச்சிட்டே. நல்லா இரு.

பத்திரிகையப் பாத்துட்டுத் தடுத்தேன்னு நெனச்சியா? பத்திரிகையில உன் பேரே இல்ல. நடந்தது வேற.

போன மாசம் எங்க சங்கக் கூட்டம். எல்லாம் கிட்னி போனவங்க வீட்டு ஆளுங்க, ஒரு இருபது பேரு. நான் செயலாளர்ங்கிறதால நாற்காலி போட்டு, கோப்பி கலக்கி வெச்சிட்டு உக்காந்தேன். தலைவி செல்லம் அக்கா உங்க அறிக்கைய எங்கேயோ புடிச்சு பிரிண்ட் எடுத்துட்டு வந்துட்டாங்க. கடைசிப் பக்கத்துல ஆய்வு செஞ்சவரு பேரு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு, "மதிவாணன் த/பெ ஐயாசாமி"ன்னு சத்தமா படிச்சாங்க. "அலமாக், நம்ம ஆளு லா. வெளியாளு வேணாம், நம்ம புள்ளையே நமக்கு ஆப்பு வெச்சிருக்கு"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்து, "சந்திரா, உங்க அப்பா பேரும் ஐயாசாமிதானே? சொந்தமா?"ன்னு கேட்டாங்க.

இல்லைன்னு சொன்னேன்.

ஐயாசாமின்னு எத்தனையோ பேரு இருக்காங்கன்னு சொன்னேன். சொல்லிட்டு கோப்பித் தூக்க எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையா உன்னைத் தடுத்தேன். கோவம் உன் மேலயா, என் மேலயான்னு இன்னும் தெரியல.

உங்க அத்தானுக்கு இது எதுவும் தெரியாது. அவரு உன் அறிக்கைய போன்ல வெச்சிக்கிட்டு வர்றவன் போறவன் கிட்டல்லாம் "என் மச்சினன் எழுதுனது, பார்லிமென்டுல படிச்சாங்க"ன்னு காட்டிக்கிட்டு இருக்காரு. உள்ள என்ன இருக்குன்னு படிக்கல. அம்பது பக்கம் இங்கிலீஷ், யாரு படிப்பா?

ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்த 940 கோடி எங்கேருந்து வந்துச்சு? பாலர் பள்ளி டீச்சருக்குப் புரியுற மாதிரி எழுது. அடுத்த கூட்டத்துல கேப்பாங்க.

சந்திரமதி


ஜொகூர் பாரு
மார்ச் 7, 2025, மதியம் 1.15

அக்கா,

புரிகிற மாதிரி.

சம்பளம் வாங்குகிற ஒவ்வொரு மலேசியரும், எங்கே வேலை செய்தாலும், சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்றரை நிதிக்குக் கட்ட வேண்டும். அது வரவு. சம்பளமே இல்லாதவர்களுக்காக அரசாங்கம் ஆளுக்கு ஆண்டுக்கு 240 வெள்ளி போடும். அது செலவு. மருந்து, டயாலிசிஸ், மருத்துவமனை எல்லாம் செலவு. வரவு போதாத இடத்தில் அரசாங்கம் கையிலிருந்து போட வேண்டும். அதுதான் பற்றாக்குறை. பத்து ஆண்டுக்குக் கூட்டிக் கழித்தால் 940. ஏன் பத்து, பதினொன்றாம் ஆண்டு என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதே. குழுவைக் கேள். அவர்களும் யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணைக் கெடுப்பது ஜொகூர். என் கணக்குத்தாளில் 44-ஆம் வரிசை: "ஊதியமில்லாதோர், ஜொகூர்". வேலை செய்யும் வயது, சம்பளப் பதிவே இல்லை. மற்ற மாநிலங்களை வைத்து எதிர்பார்க்கக்கூடியதைவிட மூன்று லட்சத்து இருபதாயிரம் பேர் அதிகம். இவர்கள் ஒரு காசு கட்டப்போவதில்லை. இவர்களுக்கும் சேர்த்து அரசாங்கம் கட்டும். இரண்டு முறை சரிபார்த்தேன். சந்தாப் பதிவேட்டிலிருந்து நேராக எடுத்த தரவு, நடுவில் யார் கையும் படவில்லை. ஏன் இங்கே இவ்வளவு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது என் வேலை கிடையாது.

சங்கத்தில் கேட்டால் இதைச் சொல்.

சொந்தம் இல்லை என்று சொன்னாயே, அதைப் பற்றி. "பரவாயில்லை" என்று எழுதி இரண்டு முறை அழித்துவிட்டேன். எழுத வரவில்லை.

அத்தானிடம் அந்தப் பிடிஎஃப்பை எல்லோருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்.

மதி


ஜொகூர் பாரு
மார்ச் 19, 2025

அக்கா,

பதில் போடவில்லை. பரவாயில்லை, இந்த முறை உண்மையிலேயே பரவாயில்லை. முதலில் இதைப் படி.

நேற்று விடுப்பு எடுத்துக்கொண்டு மோட்டர் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பினேன். ஒரு வேலை நேர்முகம். ஏன் என்று கேட்காதே, மூன்று மடங்கு சம்பளம், வேறென்ன. விடிவதற்கு முன்னமே போனேன், இருந்தும் எல்லைப் பாலத்தில் மாட்டிக்கொண்டேன். முன்னால் மோட்டர், பின்னால் மோட்டர், இரண்டு பக்கமும் மோட்டர். கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு விளக்கு. எனக்கு முன்னால் ஒருவன் ஹெல்மெட்டை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்த அண்ணன் என்னைப் பார்த்தார்.

"தம்பி, புதுசா?"

"ஆமா."

"இஞ்சின அணைச்சிடு லா. சம்பளம் அந்தப் பக்கம்தான் நிக்குது, ஓடிப் போகாது."

அணைத்தேன். சுற்றிலும் பார்த்தேன். அக்கா, என் 44-ஆம் வரிசை ஹெல்மெட் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது.

இவர்களுக்குச் சம்பளம் இருக்கிறது. அங்கே இருக்கிறது. இங்கே உள்ள பதிவேட்டில் இல்லை, அவ்வளவுதான். பதிவேட்டில் இல்லாதவனுக்குச் சம்பளம் பூஜ்யம் என்று என் கணக்குத்தாளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நாட்டிலேயே நல்ல சம்பளம் வாங்குகிற கூட்டத்தை ஒன்றுமில்லாதவர் பட்டியலில் போட்டு, அவர்களுக்காக அரசாங்கத்தை வேறு கட்ட வைத்திருக்கிறேன். கோலாலம்பூர்க்காரன் செய்தால் மன்னிக்கலாம். நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில். பதினான்கு வருடம் என் வீட்டு ஆளே அந்த வரிசையில் நின்றவர்.

அந்தப் பக்கம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரை போய் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். நேர்முகத்துக்குப் போகவில்லை.

புது எண் இதோ. அந்த மூன்று லட்சத்து இருபதாயிரம் பேரும் கட்டினால், பற்றாக்குறை 518 கோடி. மசோதா தப்பிக்கும். ஆனால் சிங்கப்பூர் முதலாளியிடம் நம் அரசாங்கம் பிடித்தம் செய்ய முடியாது. இவர்களாக வந்து கட்டினால்தான் உண்டு. நூற்றுக்கு எண்பது பேர் கட்டினால் 587. அறுபது பேர் கட்டினால் 656. கோடு 600-ல் இருக்கிறது.

என் இயக்குநர் ஜஹானாரா மேடத்திடம் சொன்னேன். கணக்குத்தாளை வாங்கி 44-ஆம் வரிசையைப் பார்த்தார். பிறகு, "தப்புன்னா திருத்தித்தான் ஆகணும். ஆனா அறுபதா எண்பதான்னு எதை வெச்சுச் சொல்லப்போறே? மனசுல தோணுறத எழுதாதே. ஏப்ரல் 4-க்குள்ள ஆதாரத்தோட வா" என்றார். வேறு நாடுகளில் இப்படித் தானாகக் கட்டுகிற திட்டங்களைத் தேடிப் பார்த்தேன். அறுபதே தாராளம்.

மதி


குளுவாங்
மார்ச் 22, 2025

மதி,

எண்பது போடு.

உன் மெயில நாலு தடவ படிச்சேன். எனக்குப் புரிஞ்சது இதுதான்: ஒரு கட்டத்துல 60-ன்னு இருக்கு, அதுல 80-ன்னு அடிச்சா மசோதா தப்பிக்கும். யாருக்கும் சரியான நம்பர் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாததுல எங்களுக்குச் சாதகமா ஒண்ணு போட்டா என்ன? மூணு லட்சம் பேருக்குச் சம்பளம் இல்லைன்னு எழுதுனப்ப நீ யோசிக்கலையே.

சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். உங்க அத்தான் ஜனவரியிலேருந்து டயாலிசிஸுக்கு வாரம் ரெண்டு தடவதான் போறாரு. செவ்வாயும் சனியும். வியாழன் நிறுத்திட்டாரு. "நான் நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வாரா வாரம் இன்னொரு நூத்தம்பது வெள்ளி"ன்னு அவரே மையத்துல சொல்லிட்டு வந்துட்டாரு. டாக்டர் திட்டுனாங்க. நான் திட்டுனேன். கேக்கல. வெள்ளிக்கிழமை ஆனா கால் வீங்கி செருப்பு ஏற மாட்டேங்குது. என்னோட பாத்ரூம் செருப்பப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போறாரு, ரோஸ் கலர். கேட்டா ஃபேஷனாம்.

உன் கிட்ட காசு கேக்குறேன்னு நெனைக்காதே. இருபது, முப்பது வருஷத்துக்கு யாரு குடுக்க முடியும்? நீ குடுப்பியா? நாளைக்கு உனக்குன்னு ஒரு குடும்பம் வந்தா? அதுக்குத்தான் சட்டம் வேணும்னு ஒவ்வொரு கூட்டமா போயி உக்காந்து கையெழுத்து வாங்குறேன்.

எண்பது போடு. உன்னை வேறெதுவும் கேக்கல. சின்ன வயசுலேருந்து நான் உன்னை எதுவுமே கேட்டதில்ல.

அக்கா


ஜொகூர் பாரு
மார்ச் 23, 2025

அக்கா,

போட மாட்டேன்.

ஜனவரியிலிருந்தா? தைப்பூசத்துக்கு வந்திருந்தேனே. மூன்று வேளை உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் எனக்குக் கோழி எடுத்து எடுத்து வைத்தார். நீங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கணக்கில் மூன்று லட்சம் பேரை நான் தொலைத்தேன் என்று குத்திக் காட்டுகிறாய். நீ ஒரு வியாழக்கிழமையைத் தம்பியிடமிருந்து மூன்று மாதம் ஒளித்து வைத்திருக்கிறாய். கேட்டதில்லை, கேட்டதில்லை என்று பெருமையாக வேறு எழுதுகிறாய். கேட்டிருக்கலாம்.

ஏன் எண்பது போட முடியாது என்று ஒரே முறை சொல்கிறேன். குழுவில் ஒருவராவது "எண்பது எங்கிருந்து வந்தது" என்று கேட்பார். பதில் இருக்காது. அன்றைக்கு 587 மட்டும் விழாது. 44-ஆம் வரிசையைத் திருத்தியதும் விழும். பழைய 940 திரும்பி வந்து உட்காரும், அதற்கப்புறம் யாரும் அதை அசைக்க முடியாது. அதோடு, நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. இதை இரண்டாவதாக எழுதுகிறேன், முதலாவதாக எழுதினால் நீ படிக்க மாட்டாய் என்பதால்.

ஆனால் நீ சொன்னதில் ஒன்று சரி. எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதனால் கேட்போம். அந்தச் சம்பளத்துக்கு மாதம் சுமார் 90 வெள்ளி வரும். அத்தானிடம் கேள்: வேலையில் இருந்த காலத்தில், யாரும் கட்டாயப்படுத்தாமல், மாதம் 90 வெள்ளியைத் தானாகப் போய்க் கட்டியிருப்பாரா? அவரோடு சேர்ந்து மோட்டரில் போன ஆட்களையும் கேட்கச் சொல். மசோதா, டயாலிசிஸ், நான், எதையும் முன்னால் சொல்லாமல் கேட்கச் சொல். நான் கேட்டால் எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார். நீ கேள்.

நாலு பேரின் வாய்வார்த்தை ஆதாரம் ஆகாது. எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மதி


குளுவாங்
மார்ச் 29, 2025

மதி,

பொய் எழுதிடலாம்னுதான் உக்காந்தேன். "எல்லாரும் கட்டுவேன்னாங்க"ன்னு அடிச்சும் வெச்சேன். அனுப்ப முடியல. உன்னோட சேந்து நானும் கெட்டுப் போயிட்டேன்.

நீ சொன்ன மாதிரியே கேட்டேன். உங்க அத்தான் யோசிக்கவே இல்ல. "மாசம் தொண்ணூறா? சும்மா போயி கட்டறதுக்கு நான் என்ன லூசா? அப்ப எனக்கு எருது மாதிரி ஒடம்பு"ன்னாரு. சொல்லிட்டு சிரிச்சாரு. நான் சிரிக்கலைன்னதும் நிறுத்திட்டாரு.

அப்புறம் அவரோட போன அஞ்சு பேருக்கு அவரே போன் போட்டாரு. ரெண்டு பேரு கட்டுவேன்னாங்க. ஒருத்தரு கட்ட மாட்டேன்னாரு. ஒருத்தரு, பொண்டாட்டியக் கேட்டுச் சொல்றேன்னாரு. இன்னொருத்தரு, "எவண்டா அது பாலத்துல புதுசா காசு புடுங்கறது"ன்னு போன வெச்சுட்டாரு.

போன வெச்சிட்டு உங்க அத்தான் சொன்னாரு: "ரோட்டெக்ஸ், மோட்டர் வரி மாதிரி பண்ணியிருந்தா கட்டியிருப்பேன். கட்டலைன்னா மோட்டர் எடுக்க முடியாதுன்னா, முணுமுணுத்துக்கிட்டே கட்டியிருப்பேன். எல்லாரும் கட்டியிருப்பானுங்க."

அதுக்கப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அறிக்கை, 940, நீ அவரைச் சம்பளமில்லாதவர்ல சேத்தது, நான் சங்கத்துல சொன்னது, எல்லாம். மறுநாள் போன்ல இருந்து உன் பிடிஎஃப்ப அழிச்சிட்டாரு. "பதினாலு வருஷம் மழையில நனைஞ்சு போயிட்டு வந்தேன். நான் சம்பளமில்லாதவனா? அந்தப் பயல வரச் சொல்லு"ன்னாரு.

வந்துடு. எனக்கும் உன்னைத் திட்டணும். எழுதி எழுதித் திட்டறது போதல.

அக்கா


ஜொகூர் பாரு
ஏப்ரல் 2, 2025

அக்கா,

60 அப்படியே நிற்கிறது. 656 கோடி. கோட்டுக்கு மேலே 56. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. தப்பைக் கண்டுபிடித்து, 284 கோடியைக் கீழே இறக்கியும், மசோதா அதே இடத்தில் கிடக்கிறது. சரியாகச் செய்ததற்கு ஒரு பலன் வேண்டாமா? இல்லையாம்.

அத்தான் சொன்ன ரோட்டெக்ஸை எடுத்துக்கொண்டு ஜஹானாரா மேடத்திடம் போனேன். ஆண்டுக்கு ஒரு முறை மோட்டர் வரியோடு சேர்த்துக் கட்டாயமாக வாங்கினால், தானாகக் கட்டுகிற கதையே கிடையாது. நூற்றுக்கு எண்பதைத் தாண்டும், 600-க்குக் கீழே போகும். கட்டாயமாக வாங்குகிற வரிக்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. அவர் கேட்டார்: "மசோதாவுல அப்படி எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப அதை நீ கணக்குல சேக்க முடியாது. எழுதியிருக்கிறதுக்குத்தான் நாம விலை போடுறோம். எழுத வேண்டியதச் சொல்றது நம்ம வேலை இல்ல, மதி. வேற யாராவது திருத்தம் கேட்டு மனு குடுத்தா, குழு அதை நமக்கு அனுப்பினா, அப்ப கணக்குல சேக்கலாம்."

வேற யாராவது. உன் சங்கம்.

உட்கார்ந்து யோசித்தேன். கணக்குப் போட்ட ஆளே பின்வாசல் வழியாக மனுவும் எழுதிக் கொடுத்தால் அது களவாணித்தனம். அதனால் நலன் அறிவிப்புப் படிவம் கேட்டு வாங்கி நிரப்பினேன். இந்தக் கோப்பால் பயன்பெறக்கூடிய உறவினர் யார், உறவு என்ன என்று கேட்டிருந்தது. எழுதினேன்: சந்திரமதி த/பெ ஐயாசாமி, உடன்பிறந்த அக்கா. சதாசிவம், அக்கா கணவர், டயாலிசிஸ் நோயாளி. மேடம் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "இதை முதல் நாளே குடுத்திருக்கணும்" என்றார். சரிதான். 656-ஐ வேறொருவரை வைத்துத் தனியாகச் சரிபார்த்தார், சரியாக வந்தது, கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமையோடு என்னைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுகிறார். இந்த ஆண்டுப் பதவி உயர்வும் அதோடு போயிற்று.

ஆக எனக்கு இப்போது நேரம் இருக்கிறது. செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமை திருத்திய அறிக்கை குழுவுக்குப் போகும். அதற்குள் 44-ஆம் வரிசையின் தலைப்பை மாற்றிவிட்டுக் கோப்பை ஒப்படைப்பேன். புதுத் தலைப்பு: "சிங்கப்பூரில் ஊதியம் பெறுவோர், ஜொகூர்". அத்தானிடம் காட்டப் பிரதி ஒன்று வைத்துக்கொள்வேன்.

2. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் குளுவாங். அத்தானோடு மையத்துக்குப் போவேன். நான்கு மணி நேரம் அவரும் நகர முடியாது, நானும் நகர மாட்டேன். திட்டி முடிக்கட்டும்.

3. திட்டி முடித்ததும் வியாழக்கிழமையை மறுபடி போடச் சொல்லி மையத்தில் பேசுவேன். சட்டம் வரும் வரை என் செலவு. நீ வேண்டாம் என்று சொல்லலாம், நான் கேட்கப்போவதில்லை. எத்தனை வருடம் என்னால் முடியும் என்று கேட்டாயே, தெரியாது. தெரியாததற்கு எண் போட மாட்டேன்.

4. அவருக்கு ஒரு செருப்பு வாங்குவேன். பெரிய அளவு, கறுப்பு.

5. ஞாயிற்றுக்கிழமை உங்கள் சங்கக் கூட்டத்துக்கு வருவேன். மோட்டர் வரியோடு சந்தாவைச் சேர்க்கும் திருத்தத்துக்கு மனு எப்படி எழுதுவது என்று சொல்வேன். அடுத்த வியாழனுக்குள் குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். கிடைக்குமா என்று கேட்டால், பாதிக்குப் பாதி என்பேன். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

6. செல்லம் அக்கா பெயர் கேட்பார். முழுப் பெயரையும் சொல்வேன். சொந்தமா என்று உன்னைத் திரும்பிப் பார்ப்பார். அப்போது நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்தப் பதிலை நீதான் சொல்ல வேண்டும்.

மதி